விபத்து நஷ்டஈடு: மொத்தமாக வாங்குவதா, மாதாமாதம் வாங்குவதா?

விடியற்காலையில் சரக்கெடுக்கப் போகும்போது லாரி மோதிக் காலை இழந்த வியாபாரிக்கு, வழக்கு முடிந்ததும் மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயம் நஷ்டஈடு வழங்குகிறது. பணம் வந்த செய்தி தெரிந்ததும் கடன்காரரும் உறவினரும் வாசலில் நிற்பார்கள். சரக்கைக் கூட்டினால் விட்டதைப் பிடித்துவிடலாம் என்று நமக்கும் தோன்றும். இனி உழைக்க முடியாத ஆண்டுகளுக்கான வருமானம்தான் அந்தப் பணம் என்பது அப்போது மறந்துவிடுகிறது.

இதனால்தான் 1993-இல் கேரள அரசுப் போக்குவரத்துக் கழக வழக்கில் உச்ச நீதிமன்றம், மைனர்கள், எழுத்தறிவற்றோர் ஆகியோருக்கான தொகையை நீண்டகால டெபாசிட்டில் வைக்க வழிகாட்டியது. பின்னர் டெல்லி உயர் நீதிமன்றத்தின் முயற்சியால் வங்கிகளில் 'விபத்து நஷ்டஈட்டு ஆன்யூட்டி டெபாசிட்' வந்தது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் இதை நாடெங்கும் நடைமுறைப்படுத்தச் சொன்னது.

இதன்படி தொகையை 36 முதல் 120 மாதங்கள் வரை வங்கியில் போடலாம். அசலும் வட்டியும் சேர்ந்து மாதந்தோறும் சேமிப்புக் கணக்கில் வரவாகும். உதாரணமாக, ரூ.10 லட்சத்தை 7 சதவீத வட்டியில் 120 மாதங்களுக்குப் போட்டால் மாதம் சுமார் ரூ.11,600 வரும். சாதாரண டெபாசிட்டில் மாத வட்டி சுமார் ரூ.5,830 மட்டுமே, ஆனால் அசல் அப்படியே இருக்கும். ஆன்யூட்டியில் தவணை முடிந்தபின் கையில் ஒன்றும் மிஞ்சாது.

இந்த டெபாசிட்டின் பேரில் கடன் கிடையாது. தீர்ப்பாயத்தின் அனுமதி இல்லாமல் இடையில் எடுக்கவும் முடியாது. அவசரத்துக்கு இது இடைஞ்சல். ஆனால் கேட்டு வருபவர்களிடம் "என் கையில் இல்லை" என்று சொல்ல இதுவே துணை.

முழுத் தொகையையும் ஒரே வழியில் முடக்க வேண்டாம். சிகிச்சைக்கும், அதிக வட்டிக் கடனை அடைக்கவும், கடையை மீண்டும் நடத்தவும் தேவையானதை ரொக்கமாகக் கேளுங்கள். வீட்டுச் செலவுக்கானதை ஆன்யூட்டியில் வையுங்கள். பிள்ளைகளின் படிப்பு, திருமணத்துக்கு ஒரு பகுதியைச் சாதாரண டெபாசிட்டில் போடுங்கள். விலைவாசி ஏறினாலும் மாதத் தவணை ஏறாது என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். நாமினி பெயரைப் பதிவு செய்ய மறக்க வேண்டாம்.

தீர்ப்பு வந்தபின் யோசித்தால் தாமதமாகிவிடும். எவ்வளவு ரொக்கம், எவ்வளவு டெபாசிட் என்பதைக் குடும்பத்தாருடன் பேசி எழுதி, தீர்ப்புக்கு முன்பே வக்கீல் மூலம் தீர்ப்பாயத்தில் தெரிவியுங்கள்.