கேட்ச்சை விட்டார்... கொள்கையை விடவில்லை! பேட் பிடித்த பிஷப் டேவிட் ஷெப்பர்டின் கதை

1963 ஜனவரி. மெல்போர்ன் மைதானம். ஆஷஸ் தொடரின் இரண்டாவது டெஸ்ட். இங்கிலாந்து ஜெயிக்க 234 ரன் வேண்டும். ஓப்பனராக இறங்குகிறவர் முதல் இன்னிங்ஸில் டக் அவுட் ஆனவர். அந்தத் தொடரில் ஃபீல்டிங்கிலும் சொதப்பல்தான். கைக்கு வந்த கேட்ச்கள் நழுவ, கேலரியில் இருந்து கிண்டல் வந்துகொண்டே இருந்தது.

அதே மனிதர் இரண்டாவது இன்னிங்ஸில் நிதானமாக நின்று 113 ரன் அடித்தார். வெற்றி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தபோதுதான் ரன் அவுட் ஆனார். 7 விக்கெட் வித்தியாசத்தில் இங்கிலாந்து ஜெயித்தது.

இதில் என்ன அதிசயம் என்கிறீர்களா? அந்த ஓப்பனர் ஒரு போதகர். லண்டனின் ஏழைத் தொழிலாளர் பகுதி ஒன்றில் ஊழியம் செய்துகொண்டிருந்தவர், அதிலிருந்து விடுப்பு எடுத்துக்கொண்டு ஆஸ்திரேலியாவுக்கு வந்திருந்தார். பெயர், ரெவரெண்ட் டேவிட் ஷெப்பர்ட். குருப்பட்டம் பெற்ற பிறகும் டெஸ்ட் கிரிக்கெட் ஆடிய முதல் மனிதர். பின்னாளில் லிவர்பூல் நகரின் பிஷப்.

மைதானத்தில் அவர் எடுத்த ரன்களை ஸ்கோர்போர்டு சொல்லிவிடும். மைதானத்துக்கு வெளியே அவர் எடுத்த முடிவுகள்தான் இன்றைக்கும் நாம் பேச வேண்டியவை.

கேம்பிரிட்ஜில் மாறிய பாதை

1929 மார்ச் 6-ம் தேதி இங்கிலாந்தின் சர்ரே பகுதியில் பிறந்தவர் ஷெப்பர்ட். சின்ன வயதிலேயே அப்பாவை இழந்தவர். நல்ல பள்ளி, பிறகு கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் என்று படிப்பு ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. கிரிக்கெட் அதைவிட வேகமாக ஓடிக்கொண்டிருந்தது.

கேம்பிரிட்ஜில் படிக்கும்போது, 1949-ல் நடந்த நற்செய்திக் கூட்டங்கள் அவரை உலுக்கின. அதுவரை ஞாயிற்றுக்கிழமைப் பழக்கமாக மட்டுமே இருந்த மதம், வாழ்க்கையையே கேட்கும் விஷயமாக மாறியது. அடுத்த ஆண்டே, 21 வயதில், வெஸ்ட் இண்டீஸுக்கு எதிராக ஓவல் மைதானத்தில் டெஸ்ட் அறிமுகம்!

இந்திய ரசிகர்களுக்கும் இவர் தெரிந்தவர்தான். 1952-ல் விஜய் ஹசாரே தலைமையில் இங்கிலாந்து போன நம் அணிக்கு எதிராக, ஓவலில் 119 ரன் குவித்தார். அவரது டெஸ்ட் வாழ்க்கையில் அதுவே அதிகபட்ச ஸ்கோர். மொத்தம் 22 டெஸ்ட், 1,172 ரன், 3 சதம், சராசரி 37.80. முதல்தரப் போட்டிகளில் மட்டும் 45 சதங்கள்.

கேப்டன் நாற்காலியும் வேதாகமக் கல்லூரியும்

1953-ல் சஸ்ஸெக்ஸ் கவுன்டி அணிக்கு ஷெப்பர்ட் கேப்டன் ஆனார். அந்த ஒரே சீசனில் அணியை கவுன்டி சாம்பியன்ஷிப் பட்டியலில் இரண்டாவது இடத்துக்குக் கொண்டுவந்தார். 1954-ல் இங்கிலாந்து கேப்டன் லென் ஹட்டனுக்கு உடல்நிலை சரியில்லாமல் போக, பாகிஸ்தானுக்கு எதிரான இரண்டு டெஸ்ட்களில் ஷெப்பர்ட் கேப்டன் ஆனார். ஒன்றில் வெற்றி, ஒன்று டிரா. அடுத்து வரும் ஆஷஸ் தொடருக்கு இவரையே கேப்டனாக்கலாம் என்று பேச்சு எழுந்தது. கடைசியில் ஹட்டனே தொடர்ந்தார்.

அப்போது ஷெப்பர்ட் எங்கே இருந்தார் தெரியுமா? குருத்துவப் படிப்பில்! 25 வயது, நல்ல ஃபார்ம், தேசிய அணியின் கேப்டன் பதவி வரை அடிபடும் பெயர். நம் வீட்டுப் பிள்ளை இப்படி ஒரு நேரத்தில் 'நான் போதகர் ஆகப் போகிறேன்' என்று சொன்னால் என்ன செய்வோம்? அவர் அதைச் செய்தார். 1955-ல் ஊழியத்தில் நுழைந்தார். லண்டன் இஸ்லிங்டனில் ஒரு தேவாலயத்தில் உதவி குருவாகச் சேர்ந்தார்.

ஆனால், கிரிக்கெட்டை வெறுத்து ஒதுக்கவில்லை. 1956-ல் அதிகம் ஆடாமல் இருந்தவரை ஓல்ட் டிராஃபோர்டு டெஸ்ட்டுக்கு அழைத்தார்கள். ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 113 ரன். ஜிம் லேக்கர் தனி ஆளாக 19 விக்கெட் எடுத்த அதே சரித்திர மேட்ச்! லேக்கரின் புயலில் போதகரின் சதம் பலருக்கு ஞாபகமில்லாமல் போய்விட்டது.

கிண்டலை ஏற்கத் தெரிந்தவர்

1962-63 ஆஸ்திரேலிய சுற்றுப்பயணத்தில் அவர் கேட்ச் விட்ட கதைகள் இன்றும் கிரிக்கெட் உலகில் சுற்றுகின்றன. பிரார்த்தனைக்குச் சேர்க்கும் கைகளை ஃபீல்டிங்கிலும் கொஞ்சம் சேர்த்து வைக்கக் கூடாதா என்ற ரீதியில் வேகப்பந்து வீச்சாளர் ஃப்ரெட் ட்ரூமன் கலாய்த்ததாகச் சொல்வார்கள். இன்னொரு ஜோக்கும் உண்டு. குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்க அவரைக் கூப்பிடலாமா என்று கணவர் கேட்டாராம். 'வேண்டவே வேண்டாம், குழந்தையைக் கீழே போட்டுவிடுவார்' என்றாராம் மனைவி!

மைதானத்தில் இப்படிச் சிரித்த ஊர், அவர் பிரசங்கம் செய்த தேவாலயங்களுக்கும் கூட்டம் கூட்டமாக வந்தது. தப்பே செய்யாதவர் சொல்லும் அறிவுரையைவிட, எல்லார் கண்ணெதிரிலும் தப்புச் செய்து, மறுபடி பேட்டை எடுத்துக்கொண்டு இறங்குகிறவர் சொல்வதைக் கேட்கத் தோன்றும், இல்லையா?

துறைமுகத் தெருக்களில் 12 ஆண்டுகள்

லண்டனின் கிழக்கே, துறைமுகத் தொழிலாளர்கள் வாழ்ந்த பகுதி கேன்னிங் டவுன். அங்கே இருந்த மேஃப்ளவர் குடும்ப மையத்தின் பொறுப்பாளராக ஷெப்பர்ட் சுமார் 12 ஆண்டுகள் இருந்தார். வசதியான வீட்டில் பிறந்து, பெரிய பள்ளியில் படித்தவருக்கு, அங்கே வேறொரு இங்கிலாந்து தெரிந்தது. தேவாலயத்துக்கும் உழைக்கும் மக்களுக்கும் நடுவே எவ்வளவு பெரிய இடைவெளி இருக்கிறது என்று புரிந்தது.

வீட்டுக்குள்ளும் சோதனை இருந்தது. 1957-ல் அவர் மணந்த கிரேஸ், திருமணமான கொஞ்ச காலத்திலேயே கடுமையான மனப் பதற்றத்துக்கு ஆளானார். வெளியே போகவே அச்சம். பல ஆண்டுகள் அந்தப் பயத்தோடு வாழ்ந்த கிரேஸ், பின்னாளில் அதைப் பற்றியே ஒரு புத்தகம் எழுதினார். மனநலம் பற்றி ஒரு பிஷப்பின் மனைவி வெளிப்படையாக எழுதியது அந்தக் காலத்தில் சாதாரண விஷயமில்லை.

'நான் ஆட மாட்டேன்'

இனி, கதையின் முக்கியமான இடம். 1960-ல் தென்னாப்பிரிக்க அணி இங்கிலாந்துக்கு வந்தது. அங்கே அப்போது நிறவெறிச் சட்டங்கள். வெள்ளையர் மட்டுமே தேசிய அணியில் ஆட முடியும். அந்த அணிக்கு எதிராக ஆட மாட்டேன் என்று ஷெப்பர்ட் வெளிப்படையாக அறிவித்தார்.

'விளையாட்டில் அரசியலைக் கலக்காதீர்கள்' என்பதுதான் அன்றைக்கும் எல்லாரும் சொன்ன பதில். ஆனால், தோலின் நிறத்தைப் பார்த்து அணியைத் தேர்வு செய்யும்போதே அரசியல் உள்ளே வந்துவிட்டதே! அதைக் கலந்தது யார்?

எட்டு ஆண்டுகள் கழித்து இந்தக் கேள்வி இங்கிலாந்து வீட்டு வாசலுக்கே வந்தது. பேசில் டி ஒலிவேரா, கேப் டவுனில் பிறந்தவர். வெள்ளையர் இல்லை என்பதால் சொந்த நாட்டுக்கு ஆட முடியாமல் இங்கிலாந்துக்கு வந்து, இங்கிலாந்து அணியில் இடம்பிடித்தவர். 1968 ஆகஸ்ட்டில் ஓவலில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 158 ரன் அடித்தார். அடுத்து தென்னாப்பிரிக்கச் சுற்றுப்பயணம். அணிப் பட்டியல் வந்தது. அதில் டி ஒலிவேரா பெயர் இல்லை!

நாடே கொதித்தது. பிறகு ஒரு வீரர் காயத்தால் விலக, டி ஒலிவேரா சேர்க்கப்பட்டார். இந்த அணியை ஏற்க மாட்டோம் என்றார் தென்னாப்பிரிக்கப் பிரதமர் ஃபோர்ஸ்டர். சுற்றுப்பயணம் ரத்தானது.

அணியைத் தேர்வு செய்த எம்.சி.சி-யின் உறுப்பினர்களில் ஒருவர் ஷெப்பர்ட். அந்தக் கிளப் அவருக்கு வீடு மாதிரி. அங்கே இருந்தவர்கள் பலர் பழைய நண்பர்கள். 1968 டிசம்பரில் கூடிய சிறப்புக் கூட்டத்தில், நிர்வாகம் இந்த விஷயத்தைக் கையாண்ட விதத்தைக் கண்டிக்கும் தீர்மானத்தை அவரே முன்மொழிந்தார். நிறவெறி இல்லாத கிரிக்கெட்டை நோக்கி உண்மையான முன்னேற்றம் தெரியும்வரை தென்னாப்பிரிக்காவோடு ஆடக் கூடாது என்றார். வழிமொழிந்தவர் 26 வயது இளைஞர் மைக் ப்ரியர்லி. பின்னாளில் இங்கிலாந்தின் புகழ்பெற்ற கேப்டன் ஆனவர்.

தீர்மானம் தோற்றது. நட்புகளில் விரிசல் விழுந்தது.

ஷெப்பர்ட் அதோடு விடவில்லை. 1970-ல் தென்னாப்பிரிக்க அணி மறுபடி இங்கிலாந்து வரவிருந்தபோது, அமைதி வழியில் எதிர்ப்புத் தெரிவிக்கும் இயக்கத்துக்குத் தலைமை ஏற்றார். இன்னொரு பக்கம் பீட்டர் ஹெய்ன் போன்ற இளைஞர்களின் போராட்டம். அரசாங்கமே தலையிட, அந்த ஆண்டு மே மாதம் சுற்றுப்பயணம் ரத்து செய்யப்பட்டது. அதன் பிறகு தென்னாப்பிரிக்கா சர்வதேச கிரிக்கெட்டுக்குத் திரும்ப 21 ஆண்டுகள் ஆயின. 1991 நவம்பரில் அவர்கள் திரும்பி வந்து ஆடிய முதல் மேட்ச் நம் கொல்கத்தா ஈடன் கார்டன்ஸில்தான்!

'ஃபிஷ் அண்ட் சிப்ஸ்' ஜோடி

1975-ல் ஷெப்பர்ட் லிவர்பூல் பிஷப் ஆனார். கத்தோலிக்கருக்கும் புராட்டஸ்டன்ட்டுகளுக்கும் இடையே நீண்ட காலப் பகை ஊறிய நகரம் அது. அடுத்த ஆண்டு கத்தோலிக்கப் பேராயராக டெரிக் வொர்லாக் வந்தார். இரண்டு பெரிய தேவாலயங்களும் ஒரே தெருவின் இரு முனைகளில் நிற்கின்றன. தெருவின் பெயர் ஹோப் ஸ்ட்ரீட், அதாவது நம்பிக்கைத் தெரு! அதில் ஆங்கிலிக்கன் பேராலயத்தை வடிவமைத்தவரே ஒரு கத்தோலிக்கர் என்பது கூடுதல் சுவாரஸ்யம்.

இரண்டு தலைவர்களும் எங்கும் சேர்ந்தே போனார்கள், சேர்ந்தே பேசினார்கள். எப்போதும் ஜோடியாக, எப்போதும் நியூஸ் பேப்பரிலேயே இருப்பதால் ஊர் மக்கள் வைத்த செல்லப் பெயர் 'ஃபிஷ் அண்ட் சிப்ஸ்'. நம்மூரில் பஜ்ஜி மாதிரி, அங்கே அதைப் பேப்பரில்தானே மடித்துத் தருவார்கள்!

சிரிப்புக்கு நடுவே வேலை கடினமானது. தொழிற்சாலைகள் மூடி, வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்தாடிய காலம். 1981-ல் டாக்ஸ்டெத் பகுதியில் பெரும் கலவரம். அந்த மக்களின் கோபத்துக்குப் பின்னால் இருந்த வறுமையைப் பற்றி இருவரும் தொடர்ந்து பேசினார்கள். கடவுள் ஏழைகளின் பக்கம் சாய்ந்திருக்கிறார் என்ற கருத்தை வைத்து 1983-ல் ஷெப்பர்ட் ஒரு புத்தகமே எழுதினார். 1985-ல் நகர்ப்புற வறுமை பற்றி இங்கிலாந்து திருச்சபை வெளியிட்ட அறிக்கையிலும் அவருக்கு முக்கியப் பங்கு. மார்கரெட் தாட்சர் அரசில் அதை 'மார்க்சியம்' என்று சாடியவர்களும் உண்டு.

கால்பந்து அழுத நாள்

1989 ஏப்ரல் 15. ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் லிவர்பூல், நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் அணிகளின் எஃப்.ஏ. கோப்பை அரையிறுதி. நெரிசலில் சிக்கிய லிவர்பூல் ரசிகர்களில் 97 பேர் உயிரிழந்தனர். மேட்ச் பார்க்கப் போன பிள்ளைகள் வீடு திரும்பவில்லை.

ஒரு விளையாட்டு நகரமே உடைந்துபோன அந்த நாள்களில் தேவாலயங்களும் மைதானங்களும் ஒன்றாயின. எவர்ட்டன் அணியின் மைதானத்தில் இருந்து லிவர்பூல் மைதானம் வரை, போட்டி ரசிகர்கள் சிவப்பும் நீலமுமாகத் தங்கள் ஸ்கார்ஃப்களை முடிச்சுப் போட்டு இணைத்தார்கள். ஷெப்பர்டும் வொர்லாக்கும் சேர்ந்தே அந்தக் குடும்பங்களுக்கு ஆறுதலாக நின்றார்கள். பழியை ரசிகர்கள் மேலேயே போட்டார்கள் சிலர். ரசிகர்கள் மீது தவறில்லை, அவர்கள் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டார்கள் என்று விசாரணை ஜூரி சொல்ல 2016 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதைக் கேட்க இரு தலைவர்களும் உயிரோடு இல்லை. வொர்லாக் 1996-லும், ஷெப்பர்ட் 2005 மார்ச் 5-ம் தேதி, தன் 76-வது பிறந்தநாளுக்கு முதல் நாளும் மறைந்தனர்.

நமக்கு என்ன?

ஷெப்பர்டின் வாழ்க்கையை முழுதாகப் பார்த்தால் ஒரு விஷயம் தெளிவாகத் தெரிகிறது. அவருக்கு நம்பிக்கை தனி, தலைமை தனி, விளையாட்டு தனி என்று மூன்று பெட்டிகள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பிரசங்க மேடையில் 'எல்லாரும் கடவுளின் பிள்ளைகள்' என்று சொல்லிவிட்டு, திங்கட்கிழமை நிறம் பார்த்துத் தேர்வான அணியோடு டாஸ் போட அவரால் முடியவில்லை. அவ்வளவுதான்.

தலைமை என்பதற்கும் அவர் வேறொரு அர்த்தம் வைத்திருந்தார். எதிரணியை எதிர்ப்பது சுலபம். சொந்த கிளப்பில், சொந்த நண்பர்கள் நடுவே எழுந்து நின்று 'நாம் செய்தது தப்பு' என்று சொல்வது கஷ்டம். அலுவலகத்தில், அப்பார்ட்மென்ட் அசோசியேஷனில், குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் கூட இது எவ்வளவு சிரமம் என்று உங்களுக்கே தெரியும். தோற்கும் என்று தெரிந்தும் ஒரு தீர்மானத்தைக் கொண்டுவர, சதம் அடிப்பதைவிட அதிகத் தைரியம் வேண்டும்.

இன்று ஹோப் ஸ்ட்ரீட்டில் ஷெப்பர்ட், வொர்லாக் இருவருக்குமாகச் சேர்த்து ஒரு வெண்கல நினைவுச் சின்னம் இருக்கிறது. அது கதவுகளின் வடிவில் செய்யப்பட்டிருக்கிறது. அந்தப் பக்கம் போகிறவர்கள் அவற்றின் நடுவே நடந்து போகலாம். எந்த மதம், எந்த நிறம், எந்த டீம் என்று அங்கே யாரும் கேட்பதில்லை.