பெட்டிக்குள் மடித்திருந்த துண்டு

கிளிநொச்சியில் எங்கள் ஒழுங்கையில் இருக்கும் அக்காவுக்கு வயது 58. இரண்டு வருடமாக விட்டு விட்டுச் சலக்கடுப்பு. ஒவ்வொரு முறையும் அன்ரிபயோட்டிக். நாலு நாள் சுகம், பிறகும் எரிவு. கடைசியில் ஒரு டொக்டர் பெண்ணுறுப்பின் உள்ளே வைக்கும் ஈஸ்ட்ரஜன் கிறீம் எழுதிக் கொடுத்தார். பெட்டிக்குள் மடித்திருந்த துண்டை மகள் வாசித்திருக்கிறாள்: மாரடைப்பு, பாரிசவாதம், மார்புப் புற்றுநோய். "பிள்ளை, இதைப் பூசலாமோ, குப்பையில போடுறதோ?" என்று என்னிடம் வந்துவிட்டார்.

அந்தப் பயம் வேறொரு மருந்துக்குரியது. 2002இல் அமெரிக்காவில் 16,608 பெண்களிடம் நடந்த ஆய்வொன்று இடையில் நிறுத்தப்பட்டது. அவர்களில் பாதிப்பேர் அளவில் தினமும் விழுங்கியது இரண்டு ஹோர்மோன் சேர்ந்த மாத்திரை. அதில் கண்ட ஆபத்து, உள்ளே வைக்கும் மருந்துகளின் பெட்டியிலும் எச்சரிக்கையாக ஏறிவிட்டது. விழுங்கும் எஸ்ட்ராடியோல் என்ற ஈஸ்ட்ரஜன் ஒரு நாளைக்கு 1 மில்லிகிராம் என்றால், உள்ளே வைக்கும் சின்ன வில்லையில் இருப்பது 10 மைக்ரோகிராம், நூறில் ஒரு பங்கு. அதுவும் முதல் இரண்டு கிழமைக்குப் பிறகு கிழமைக்கு இரண்டே தரம். இரத்தத்தில் சேர்வது மிகச் சொற்பம். அமெரிக்க மருந்து நிர்வாகம் 2025 நவம்பரில்தான் அந்த எச்சரிக்கையை எடுப்பதாக அறிவித்தது. இருபது வருடத்துக்கு மேல் பிந்திய அறிவிப்பு!

அப்படியென்றால் பக்கவிளைவே இல்லையா? இருக்கிறது. மாதவிடாய் நின்றபின் அந்த இடத்துத் தோல் மெலிந்து காய்ந்துவிடும். மெலிந்த தோலில் கிறீம் பட்டால் முதல் கிழமைகளில் எரியும், கடிக்கும், கொஞ்சம் வெள்ளையும் படும். பலர் அந்தக் கட்டத்திலேயே விட்டுவிடுகிறார்கள். தோல் தடித்துத் தேற இரண்டு மூன்று மாதமாவது வேண்டும். தேறிய தோல் மருந்தை இரத்தத்துக்குள் விடுவதும் குறைவு. சீனி வருத்தம் உள்ளவர்களுக்குப் பூஞ்சைத் தொற்று திரும்பவும் வரக்கூடும். மார்பு நோவு, தலையிடி வந்தால் அளவு கூடிப்போயிற்றோ என்று பார்க்கவேண்டும்; குழாயில் உள்ள கோட்டைத் தாண்டி நிரப்பும் கை எங்கள் கை.

சும்மா விடக்கூடாதது இரத்தம். மாதவிடாய் நின்று ஒரு வருடம் கழிந்தபின் ஒரு துளி பட்டாலும், கிறீமின் வேலை என்று நினைத்திருக்காமல் வைத்தியசாலைக்குப் போகவேண்டும். மார்புப் புற்றுநோய் வந்தவர்கள் தங்கள் புற்றுநோய் வைத்தியரைக் கேட்காமல் தொடவே கூடாது.

சலக்கடுப்புக்கும் இதற்கும் என்ன தொடர்பு? ஈஸ்ட்ரஜன் இருந்தால் அங்கே நல்ல பக்டீரியா வாழும், புளிப்பு நிற்கும், கெட்ட கிருமி அண்டாது. 1993இல் வெளியான ஆய்வொன்றில் எஸ்ட்ரியோல் என்ற ஈஸ்ட்ரஜன் கிறீம் பூசிய பெண்களுக்கு வருடத்தில் சராசரியாக 0.5 தரம்தான் தொற்று வந்தது. மருந்தில்லாத வெறும் கிறீம் பூசியவர்களுக்கு 5.9 தரம்.

வன்னியில் இதை யாரிடம் கேட்பது? குடும்பநல உத்தியோகத்தரிடம் கேட்கலாம், சுகவனிதையர் கிளினிக்கிலும் கேட்கலாம். 1996இல் இலங்கையில் தொடங்கிய அந்தக் கிளினிக் பிள்ளைப்பேற்றுக்கு அல்ல, 35 வயது தாண்டிய பெண்களுக்கானது, காசும் இல்லை.

அக்காவுக்கு முதல் பத்து நாளும் எரிந்தது. "விடுவமோ?" என்று இரண்டு தரம் கேட்டார். மூன்றாம் மாதம் கேட்கவில்லை. துண்டு மட்டும் இன்னும் சாமிப்படத்துக்குப் பின்னால் செருகிக் கிடக்கிறது.