துறைமுகமில்லாக் கரையில் இயந்திரப் படகு

இந்தியக் கடற்கரையில் 3,288 மீனவக் கிராமங்களும் 1,511 மீன் இறங்குதளங்களும் இருப்பதாக மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 2010ஆம் ஆண்டில் நடத்திய கணக்கெடுப்பு தெரிவித்தது. இறங்குதளங்கள் என்று குறிக்கப்பட்டவற்றுள் பெரும்பாலானவற்றில் அலைதடுப்புச் சுவரோ படகுகளைக் கட்டிவைக்கும் துறையோ கிடையாது. கழிமுகம் வாய்த்த ஊர்கள் சில உண்டு. மற்ற ஊர்களில் திறந்த மணற்கரையே துறைமுகம். அங்கே ஒவ்வொரு படகும் நாள்தோறும் அலையைப் பிளந்து வெளியேறவேண்டும். திரும்பும்போது அதே அலையின் மேலேறி வந்து மணலில் தட்டவேண்டும்.

அக்கணக்கெடுப்பின்படி நாட்டின் கடல் மீன்பிடிக் கலங்கள் 1,94,490 ஆகும். நிலையான உள் எஞ்சின் கொண்ட விசைப்படகுகள் 72,559. எஞ்சினே இல்லாதவை 50,618. இவ்விரண்டுக்கும் இடைப்பட்டவை, வெளியே மாட்டிக் கழற்றும் எஞ்சின் கொண்ட சிறு படகுகள், இவை 71,313. கேரளத்து வள்ளம், ஆந்திரக் கரையின் தெப்பா, ஒடிசாவின் பூரிக் கரையில் வாழும் தெலுங்கு மீனவரின் படகு எனப் பலவகைப்பட்ட பழைய கலங்களின் இடத்தை இந்த மூன்றாம் வகை பெரிதும் பிடித்துக்கொண்டது. ஒரு குடும்பம் தன் பெயரில் வைத்துக்கொள்ளக்கூடிய இயந்திரக் கலம் இதுவே. ஆகவே இதனை வாங்குவதிலும் கருவிகள் பூட்டுவதிலும் ஏற்படும் தவறு அக்குடும்பத்தின் கடனாகவோ, சில வேளைகளில் உயிரிழப்பாகவோ முடிகிறது.

கரைக்கேற்ற கலம்

படகை இயந்திரமயமாக்கும் முதல் பெருமுயற்சியே கரையின் வலிமையை உணர்த்திவிட்டது. 1952ஆம் ஆண்டில் இந்தியா, நார்வே, ஐக்கிய நாடுகள் சபை ஆகியவற்றுக்கிடையே கையெழுத்தான ஒப்பந்தத்தின் பேரில், கொல்லத்துக்கு அருகிலுள்ள நீண்டகரை–சக்திகுளங்கரைப் பகுதியில் 1953இல் இந்திய–நார்வேத் திட்டம் தொடங்கப்பட்டது. உள்ளூர் மீனவரின் தோணிகளில் எஞ்சினைப் பொருத்துவது எளிதாக இல்லை. எனவே புதிய வகைப் படகுகள் வடிவமைக்கப்பட்டன. அவற்றுக்குக் கழிமுகத்தின் பாதுகாப்பான நீர் தேவைப்பட்டது. பின்னாளில் அப்படகுகள் இறால் இழுவலைக்குத் திரும்பின, ஏற்றுமதி வளர்ந்தது. ஆனால் கழிமுகமில்லாத பக்கத்து ஊர்களின் மீனவருக்கு அத்தொழில்நுட்பம் எட்டாமலே நின்றுவிட்டது.

1979இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு செயல்படத் தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டம் இக்குறையை நேராக எதிர்கொண்டது. உலக உணவு வேளாண்மை நிறுவனமும் சுவீடன் அரசின் உதவியும் இதன் பின்னணியில் இருந்தன. கிழக்குக் கரையில் பல மாதிரிப் படகுகள் கட்டிச் சோதிக்கப்பட்டன. அவற்றுள் நிலைபெற்ற வடிவம் எட்டு, ஒன்பது மீட்டர் நீளமுள்ள கண்ணாடி இழைப் படகு ஆகும். அதில் சிறிய டீசல் எஞ்சின் நீர்புகாப் பெட்டி ஒன்றினுள் அமைந்திருந்தது. கரை நெருங்கியதும் பெட்டியோடு எஞ்சினைச் சாய்த்தால், உந்துவிசிறியும் அதன் தண்டும் படகின் அடிப்பகுதிக்கு மேலே எழும்பிவிடும். மணலில் மோதி வளைவதில்லை. திறந்த கரையில் டீசலின் சிக்கனத்தைப் பெறுவதற்குக் கண்ட வழி இது.

அதே காலத்தில் மேற்குக் கரையின் தென்பகுதியில் ஒட்டுப்பலகைப் படகுகள் பரவின. பெரிய மரங்கள் அரிதாகி, குடைந்து செய்யும் வள்ளத்தின் விலை ஏறிய வேளை அது. 1980இல் திருவனந்தபுரத்தில் உருவான தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு, படகு கட்டும் பட்டறைகளையும் எஞ்சின் பழுதுபார்க்கும் நிலையங்களையும் தானே நடத்தலாயிற்று. ஏழாவது ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் (1985–90) பாரம்பரியக் கலங்களுக்கு எஞ்சின் பொருத்த மத்திய அரசின் மானியமும் கிடைத்தது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலைக்குப் பிறகு நிவாரணமாகக் கண்ணாடி இழைப் படகுகள் ஏராளமாக வழங்கப்பட்டன. அவசரத்தில் கட்டப்பட்ட பல படகுகளின் தரம் நன்றாக இல்லை. இழையின் அடுக்குகள் குறைந்த படகு முதல் ஆண்டில் பளபளப்பாகவே தோன்றும். மணலில் உராயும் அடிப்பகுதியும், எஞ்சினைத் தாங்கும் பின்பலகையும்தாம் உண்மையை வெளிப்படுத்தும். படகு வாங்குவோர் முதலில் தட்டிப் பார்க்கவேண்டிய இடங்கள் அவ்விரண்டே.

படகு நீருக்கு வெளியே எங்ஙனம் நகரும் என்பதையும் வாங்குமுன்பே எண்ணவேண்டும். உருளைக்கட்டைகளின் மேல் தள்ளுவதற்கும் தோள்கொடுத்து ஏற்றுவதற்கும் பத்துப் பன்னிரண்டு பேர் வேண்டும். ஆள் பற்றாக்குறையுள்ள ஊர்களில் டிராக்டர் வாடகை அன்றாடச் செலவாகிவிட்டது. சக்கரம் பூட்டிய இழுவண்டி இதற்கு நல்ல மாற்று. ஆனால் சாலைக்கு ஏற்ற ஒடுங்கிய டயர் உலர்மணலில் புதைந்துவிடும். அகன்ற, காற்றழுத்தம் குறைந்த டயரே மணலில் உருளும். வண்டியை உப்புநீரில் இறக்கினால், சக்கரத்தின் பேரிங்கை அடிக்கடி நன்னீரால் கழுவிப் புதிய கிரீஸ் இடவேண்டும். தவறினால் ஓரிரு பருவங்களிலேயே சக்கரம் இறுகிப்போகும். பலர் சேர்ந்து ஒரே வண்டியைப் பயன்படுத்தும் கரைகளில் இந்தப் பராமரிப்பு யாருடைய பொறுப்பு என்பதை முதலிலேயே முடிவு செய்வது நலம்.

எஞ்சினும் எரிபொருளும்

டீசல் சிக்கனமானது என்றால், வெளியே மாட்டும் எஞ்சின் ஏன் வென்றது? காரணங்கள் கரையிலேயே உள்ளன. அதனை இருவர் தூக்கிச் செல்லலாம். இரவில் வீட்டில் பூட்டி வைக்கலாம். அலைவாயில் ஒரு கணத்தில் மேலே சாய்த்துவிடலாம். பழைய தோணியிலும் மாட்டலாம், புதிய படகிலும் மாட்டலாம். பழுதானால் படகைத் தரையில் போடாமல் எஞ்சினை மட்டும் பட்டறைக்கு அனுப்பலாம்.

இவ்வசதிகளுக்குரிய விலை எரிபொருளில் வசூலாகிறது. ஓரளவு நன்றாக ஓடும் டீசல் எஞ்சின் ஒரு குதிரைத்திறனுக்கு ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ கால் லிட்டர் குடிக்கும். எண்ணெய் கலந்து ஓடும் இருவீச்சு எஞ்சினுக்கு ஏறத்தாழ 0.4 லிட்டர் தேவை. பத்துக் குதிரைத்திறனில் நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் ஓடுவதாகக் கொண்டால், டீசலுக்கு ஏழரை லிட்டரும் இருவீச்சு எஞ்சினுக்குப் பன்னிரண்டு லிட்டரும் ஆகும். ஆண்டில் 200 நாள் கடலுக்குப் போனால் வேறுபாடு 900 லிட்டர். இக்கணக்கை எஞ்சின் வாங்குமுன் போட்டுப் பார்ப்போர் குறைவு. வாங்கும்போது கண்ணில் படுவது எஞ்சினின் விலை மட்டுமே.

மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சின்கள் இச்சுமையைச் சில காலம் மறைத்துவைத்தன. பெட்ரோலில் உயிர்ப்பித்து, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றும் முறை தென் கரையெங்கும் பரவியது. மானிய விலையில் மண்ணெண்ணெய் கிடைத்தவரை அது ஆதாயமாக இருந்தது. ஆண்டுதோறும் ஒதுக்கீடு குறைந்து, மத்திய மானியமும் படிப்படியாக மறைந்தபின், நிலைமை தலைகீழாயிற்று. மேலும் மண்ணெண்ணெய் கரியைப் படியவிடும். எஞ்சினின் ஆயுளைக் குறைக்கும். நன்கு கட்டிய படகு உழைத்து முடிவதற்குள் இரண்டு மூன்று எஞ்சின்கள் மாறிவிடும். புது எஞ்சினுக்கான தொகையை ஒவ்வொரு நாள் வரவிலிருந்தும் ஒதுக்காத உரிமையாளர் உண்மையில் தம் முதலையே தின்றுகொண்டிருக்கிறார்.

குதிரைத்திறனைக் கூட்டும் போட்டி இதனினும் பெரிய சிக்கல். கேரளத்தில் 1980களின் நடுவில் வளையவலை பரவிய பிறகு, ஒரே தங்குவள்ளத்தில் 40 குதிரைத்திறன் எஞ்சின்கள் இரண்டு மூன்று மாட்டும் நிலை வந்தது. பெரிய கூட்டுக் கலங்களுக்கு இதில் ஒரு நியாயம் இருக்கலாம். எட்டு மீட்டர்ப் படகுக்கு இருக்க முடியாது. நீர்மட்டத்தில் ஏழரை மீட்டர் நீளமுள்ள படகு ஏறத்தாழ ஆறரை நாட் வேகம்வரை இயல்பாகச் செல்லும். அதற்கு மேல், தான் எழுப்பிய அலையின் மீதே அது ஏறவேண்டியிருப்பதால், சிறிதளவு வேகத்துக்கும் பேரளவு எரிபொருள் வேண்டும். மாறாக, வேகத்தில் பத்தில் ஒரு பங்கைக் குறைத்தால், அதே தூரத்துக்கு ஆகும் எரிபொருள் ஐந்தில் ஒரு பங்களவு குறைகிறது. ஏலத்துக்கு முதலில் வந்து சேர்வதால் கிடைக்கும் கூடுதல் விலை இந்த எரிபொருளுக்கு ஈடாகிறதா என்பதை ஒவ்வொரு கரையும் தன் சந்தையை வைத்தே தீர்மானிக்கவேண்டும். மீனைப் பனிக்கட்டியில் வைக்கும் பெட்டி ஒன்று படகில் இருந்தால் அவசரமே பாதி குறையும்.

படகில் இருக்கவேண்டியவை

கட்டுமரம் கவிழும்; மூழ்காது. மரத்துண்டுகளே அதன் மிதவை. கண்ணாடி இழைப் படகுக்கு இக்குணம் தானாக வருவதில்லை. நீர் நிறைந்தால் எஞ்சினின் எடை அதனை அடியோடு இழுத்துவிடும். ஆதலால் அணியத்திலும் இருபக்க விளிம்புகளிலும் அடைத்த அறைகளில் நுரைப்பொருள் நிரப்பியிருக்கவேண்டும். விலையைக் குறைக்க முனையும் கட்டுநர் முதலில் விட்டுவிடுவது இதுதான். முழுகிய நிலையிலும் ஆட்கள் பற்றிக்கொள்ளும் அளவுக்குப் படகு மிதக்கிறதா என்பதைக் கரையோரத்திலேயே நீர் நிரப்பிச் சோதித்துப் பெறுவது, படகுக்கு மானியம் வழங்கும் அதிகாரிகள் வலியுறுத்தத்தக்க நிபந்தனையாகும்.

ஒரு சோடித் துடுப்பு, நீண்ட கயிறுடன் நங்கூரம், மாற்று ஸ்பார்க் பிளக், விசிறியைப் பிடிக்கும் சிறு ஊசி, எரிபொருளில் கலந்த நீரைப் பிரிக்கும் வடிகட்டிப் புனல் ஆகியவை சிறு தொகையில் முடிபவை. எஞ்சின் நின்ற படகு அலைவாயில் பக்கவாட்டில் திரும்பிவிடாமல் காப்பது பெரும்பாலும் இந்தச் சிறு பொருள்களே. உயிர்காப்பு உடையைப் பொறுத்தவரை, வலை இழுக்கும்போது தடையாக இருக்கிறதென்று அதனை அடித்தளத்தில் திணித்துவைப்பது வழக்கம். பெரிய திண்டு போன்ற உடையைக் கொடுத்துவிட்டு, மீனவர் அணிவதில்லை என்று குறைகூறுவது பொருந்தாது.

செய்தித் தொடர்பில் கருவிகளின் எல்லையை அறிந்திருத்தல் இன்றியமையாதது. கைபேசி கரையோரத்தில் மட்டுமே பயன்படும். வி.எச்.எப். வானொலி நேர்க்கோட்டில் செல்வதால், தாழ்ந்த ஆன்டெனா கொண்ட இரு சிறு படகுகளுக்கிடையே 10 முதல் 15 கி.மீ. வரையே பேச முடியும். கரைக் கோபுரம் உயரமாயின் எட்டும் தூரம் அதிகமாகும். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் எழுந்தபோது கேரளத்தின் தென்பகுதியையும் கன்னியாகுமரி மாவட்டத்தையும் சேர்ந்த மீனவர் பலர் ஏற்கெனவே கடலுள் இருந்தனர். கரையில் ஒலித்த எச்சரிக்கை அவர்களை எட்டவில்லை. திரும்பாதவர்களுள் சிறு எஞ்சின் படகுகளில் சென்றவர்களும் இருந்தனர். இவ்விடைவெளியை நிரப்பும் பொருட்டு, இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் தொழில்நுட்பத்தில் செயற்கைக்கோள் வழியே இருபுறமும் செய்தி அனுப்பும் கருவியை ஒரு லட்சம் மீன்பிடிக் கலங்களில் பொருத்தும் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கப்பட்டது. ஐதராபாத்திலுள்ள இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் மீன் கூடும் இடங்களையும் உயரலை எச்சரிக்கைகளையும் அறிவிக்கிறது. ஆபத்து வேளையில் கடலோரக் காவற்படையின் தொலைபேசி எண் 1554.

முதலும் கடனும்

எஞ்சின் வாங்கப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதே மீனின் விலையைத் தீர்மானிக்கிறது. வணிகரிடம் முன்பணம் பெற்ற படகு, பிடித்த மீனை அவரிடமே ஒப்படைக்கவேண்டும். வட்டி என்று தனியே எதுவும் கேட்கப்படுவதில்லை. ஒவ்வொரு நாள் விற்பனையிலும் கழிவு பிடிக்கப்படுகிறது. கடனின் அசல் மட்டும் அப்படியே நிற்கும். எரிபொருளுக்கும் அவரிடமே கைநீட்டும் நிலை வந்தால், படகு பெயரளவில்தான் மீனவருடையது.

திருவனந்தபுரத்துக்கு அருகே மரியநாட்டில் தொடங்கிய கூட்டுறவு முயற்சி இந்த முடிச்சை விற்பனையிலிருந்தே அவிழ்த்தது. மீனைக் கிராமச் சங்கமே ஏலம் விடும். அன்றைய விற்பனையில் ஒரு பங்கு கடனுக்கும், ஒரு பங்கு சேமிப்புக்கும் பிடிக்கப்படும். பாடு குறைந்த நாளில் தவணையும் குறைந்தது. மாதந்தோறும் ஒரே தொகை கேட்கும் வங்கி முறைக்கும் இதற்குமுள்ள வேறுபாடு, கடனைத் திருப்பிச் செலுத்துவோரின் எண்ணிக்கையில் தெரியும்.

2020இல் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா யோஜனா, பாரம்பரிய மீனவருக்கு மாற்றுப் படகும் வலையும் வழங்க வழிசெய்தது. பொதுப் பிரிவினருக்கு 40 சதவீதமும், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மகளிர் ஆகியோருக்கு 60 சதவீதமும் மானியமாக வகுக்கப்பட்டது. எஞ்சிய தொகையையும் நடைமுறை மூலதனத்தையும் பெற, 2018–19இல் மீன்வளத்துக்கும் விரிவாக்கப்பட்ட உழவர் கடன் அட்டை உதவும். இவற்றைப் பெறப் படகின் பதிவும் மீன்பிடி உரிமமும் ஒழுங்காக இருத்தல் வேண்டும். இணையவழிப் பதிவு இப்போது நடைமுறையில் உள்ளது. இரண்டாம் கையாக வாங்கிய படகை முன்னாள் உரிமையாளர் பெயரிலேயே ஓட்டுவோர், விபத்து நேர்ந்த பின்னரே இதன் விளைவை உணர்கின்றனர்.

தவணை நாள்களைக் குறிக்கும் அதிகாரி நாட்காட்டியையும் பார்க்கவேண்டும். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையும், மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையும் 61 நாள் மீன்பிடித் தடை உண்டு. எஞ்சினில்லாப் பாரம்பரியக் கலங்களுக்கு அது பொருந்தாது. சிறு எஞ்சின் படகுகளுக்குக் கரையோரக் கடலில் உள்ள விதி மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். தடை பொருந்தாத இடத்திலும் பருவமழைக் காலத்தின் அலை பல நாள்கள் படகை மணலிலேயே நிறுத்திவிடும். எஞ்சினைப் பிரித்துக் கழுவிப் பழுதுபார்க்கும் செலவும் அந்த மாதங்களிலேயே வருவதால், தவணையை மீன்படும் மாதங்களுக்குத் தள்ளிவைப்பதே நடைமுறைக்கு உகந்தது.