கோழி, வாத்து, வான்கோழி: கலந்து வளர்க்கலாம், கலந்து அடைக்கக் கூடாது

திருவள்ளூர் மாவட்டத்தில் ஆரணி ஆற்றங்கரையில் இருக்கும் ஆரணி, அதை அடுத்த பெரியபாளையம், கவரைப்பேட்டை வட்டாரங்களில், வீட்டுக்கு ஒருவர் கும்மிடிப்பூண்டி சிப்காட் வேலைக்குப் போவது இன்று சாதாரணம். சாகுபடி நிலம் குறைந்துபோன வீடுகளிலும் வீட்டைச் சுற்றி ஐந்து சென்ட், பத்து சென்ட் இடம் இருக்கிறது. அதில் நாலு கோழி, நாலு வாத்து, ஒரு ஜோடி வான்கோழி விட்டால் என்ன என்ற எண்ணம் பலருக்கும் வருகிறது.

எண்ணம் நல்லதுதான். தவறு நடப்பது தொடக்கத்தில். சந்தைக்குப் போய் ஒரே நாளில் எல்லா வகையையும் வாங்கி, ஒரே கூட்டில் அடைக்கிறோம். சில வாரங்களில் வான்கோழிக் குஞ்சுகள் ஒவ்வொன்றாகச் சாகின்றன. ஐப்பசி மழையில் கோழிக்குஞ்சுகள் கழிந்து சாகின்றன. கடைசியில் வாத்து மட்டும் மிஞ்சுகிறது. வீட்டுக்கோழி வருமானம் பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் கைக்காசு. அது போனால் மறுபடி முதல் போட யாருக்கும் மனம் வருவதில்லை.

இந்த இழப்பின் காரணம் ஒன்றே. இறகு முளைத்தவை எல்லாம் ஒரே இனம் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். ஆனால் ஒன்றுக்குத் தொல்லை தராத கிருமி இன்னொன்றைக் கொல்லும். ஒன்று தாங்கும் தீவனம் இன்னொன்றுக்கு நஞ்சாகும். ஆகவே எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்காதீர்கள். ஒவ்வோர் இனமாக, ஒன்றைக் கற்றபின் அடுத்ததைச் சேருங்கள்.

முதலில் கோழி மட்டும்

ஐந்து பெட்டை, ஒரு சேவல் போதும். நன்றாக அடைகாக்கும் சிறுவிடைக் கோழியாகப் பார்த்து, அக்கம்பக்கத்தில் தெரிந்த வீட்டில் வாங்குங்கள். தெருவில் கூடையில் வைத்து விற்கும் கலர்க் குஞ்சுகள் வேண்டாம். அவை பெரும்பாலும் முட்டைக்கோழிப் பண்ணைகளுக்குத் தேவைப்படாத சேவல் குஞ்சுகள். தாயும் இல்லாமல், வெப்பமும் இல்லாமல் பயணத்தில் நலிந்தவை. அவற்றோடு நோயும் வீட்டுக்கு வரும்.

நாட்டுக்கோழி ஓர் ஈட்டுக்கு 10 முதல் 15 முட்டை இடும். ஆண்டுக்கு மூன்று, நான்கு ஈடு. அடை வைத்த 21ஆம் நாள் குஞ்சு பொரிக்கும். தாய்க்கோழியே குஞ்சுகளுக்கு வெப்பம் தரும், மேயக் கற்றுத்தரும், பருந்தைக் கண்டால் குரல் கொடுக்கும். புதிதாகத் தொடங்குபவருக்கும் அதுவே முதல் ஆசிரியர்.

தாயில்லாக் குஞ்சுகளை வாங்கினால் அந்த வேலை உங்களுடையது. முதல் வாரம் 95 டிகிரி ஃபாரன்ஹீட் வெப்பம் வேண்டும். பிறகு வாரத்துக்கு 5 டிகிரி குறைக்கலாம். ஒரு குஞ்சுக்கு 2 வாட் கணக்கில் குண்டு பல்பு போட்டு, சுற்றிலும் ஒன்றரை அடி உயரத்தில் தகடு அல்லது அட்டை கட்டுங்கள். குஞ்சுகள் பல்புக்கடியில் நெருக்கியடித்து நின்றால் வெப்பம் போதவில்லை; ஓரத்துக்கு ஒதுங்கி வாயைத் திறந்தால் வெப்பம் அதிகம்; பரவலாக மேய்ந்தால் சரியாக இருக்கிறது. அரசு மானியத் திட்டத்தில் மகளிருக்கு நான்கு வார வயதுக் குஞ்சுகளைத் தருவதும் இதனால்தான். மிகவும் கவனம் தேவைப்படும் நாள்களைக் கடந்த குஞ்சுகள் அவை.

கார்த்திகை மழை ஓய்ந்ததும் தொடங்குவது நல்லது. தரை காய்ந்திருக்கும். அறுவடை நெருங்குவதால் சிந்திய நெல்லும் கருக்காயும் கிடைக்கும். தை, மாசியில் பொரித்த சேவல், ஆடியில் ஐந்தாறு மாதம் வளர்ந்து நிற்கும். பெரியபாளையம் பவானி அம்மன் கோயில் விழாக்காலம் அது. சேவலுக்குக் கிராக்கி உள்ள மாதத்தில் விற்பனைக்குத் தயாராக இருப்பீர்கள்.

தடுப்பூசியைத் தெருவோடு சேர்ந்து போடுங்கள்

வீட்டுக்கோழிகளைக் கூண்டோடு அழிப்பது வெள்ளைக்கழிச்சல். இமயமலைப் பகுதியின் ராணிகேட்டில் 1927ல் கண்டறியப்பட்டதால் ராணிகேட் நோய் என்றும் பெயர். இது வைரஸ் நோய். வந்தபின் குணமாக்கும் மருந்து கிடையாது. ஏழாம் நாள் கண்ணில் ஒரு சொட்டு, எட்டாம் வாரம் இறக்கையில் தோலுக்கடியில் ஊசி. இந்த இரண்டையும் தவற விடாதீர்கள். எட்டாம் வார ஊசியைச் சிறு குஞ்சுகளுக்குப் போடக் கூடாது, அவை தாங்காது.

இதில் நடைமுறைச் சிக்கல் ஒன்று உண்டு. மருந்துக் குப்பி பெரும்பாலும் 100 கோழிகளுக்குப் போதுமான அளவில் வரும். கரைத்தபின் இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். பத்துக் கோழி வைத்திருப்பவர் ஒரு குப்பியை உடைக்கத் தயங்குவார். பத்து வீடுகள் சேர்ந்தால் சிக்கல் தீர்ந்தது. உண்மையில் உங்கள் மந்தை என்பது உங்கள் வீட்டு ஆறு கோழி மட்டும் அல்ல. வேலி தாண்டி ஒன்றாக மேயும் தெருவின் கோழிகள் அனைத்தும் ஒரே மந்தை. ஒரு வீடு விடுபட்டால் நோய் நுழைய அது வழி. கால்நடை பராமரிப்புத் துறை ஆண்டுதோறும் பிப்ரவரியில் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம் நடத்துகிறது. விரிவாக்கப் பணியாளர்கள் அந்த நாளுக்கு முன்பே தெருவாரியாகப் பட்டியல் எடுத்துவைத்தால், ஒரு குப்பியும் வீணாகாது.

இரண்டாவது வாத்து

கோழிகள் ஒரு மழைக்காலத்தை உயிரோடு கடந்தபின் வாத்து வாங்குங்கள். ஐந்து பெட்டைக்கு ஓர் ஆண் போதும். வாத்துக்கு நீந்தக் குளம் வேண்டும் என்பது கட்டாயமில்லை. அலகு முழுவதும், மூக்குத் துளைவரை முங்கும் ஆழத்தில் தண்ணீர் வேண்டும். உலர்ந்த தூள் தீவனம் தொண்டையில் அடைக்கும் என்பதால், தண்ணீர் தெளித்துப் பிசறிக் கொடுங்கள். வாத்துக் குஞ்சுக்குக் கோழிக்குஞ்சைவிட நியாசின் என்ற பி வைட்டமின் அதிகம் தேவை. குறைந்தால் கால் வளைந்து நடக்கத் தடுமாறும். தீவனத்தில் புதுத் தவிடு சேர்த்தால் ஓரளவு ஈடுகட்டலாம்.

வாத்து பெரும்பாலும் விடியற்காலையில் முட்டையிடும். காலை எட்டு மணிக்கு முன் திறந்துவிட்டால் முட்டை ஏரிக்கரையில் கிடக்கும்.

வாத்தை ஏன் தனியே அடைக்க வேண்டும்? அது தண்ணீரைச் சிந்திக்கொண்டே இருக்கும். ஈரமான தரையில் இரத்தக்கழிச்சல் கிருமி பெருகும். அதில் சாவது கோழிக்குஞ்சுகள். வெள்ளைக்கழிச்சல் வைரஸையும் வாத்து நோய்க்குறி காட்டாமலே சுமந்து திரியலாம். பகலில் ஒரே தோட்டத்தில் மேயட்டும். இரவுக் கூடும் தண்ணீர்த் தொட்டியும் தனித்தனியாக இருக்கட்டும். வாத்துக் கூடு தாழ்வான பக்கத்திலும், கோழிக் கூடு மேட்டிலும் அமைந்தால் ஈரம் கோழி பக்கம் வராது.

என் துறை உழவியல் என்பதால் வயலையும் பற்றி ஒரு வார்த்தை. நடவுப் பயிர் வேர் பிடித்தபின் கதிர் வரும்வரை வாத்து விட்டால் களையும் பூச்சியும் குறையும். ஆனால் குருணை மருந்து போட்ட வயலிலும், மருந்து தெளித்த வயலிலும் விடக் கூடாது. விதைநேர்த்தி செய்து மிஞ்சிய நெல்லைக் கோழிக்கு இறைப்பதும் கூடாது.

மூன்றாவது கினிக்கோழி, கடைசியில் வான்கோழி

கினிக்கோழியை நாட்டுக்கோழியிலேயே அடை வைக்கலாம். 26 முதல் 28 நாளில் பொரிக்கும். பூச்சிகளைத் தேடித் தின்னும்; பாம்போ நாயோ வந்தால் ஊரையே எழுப்பும். குஞ்சிலிருந்தே கூட்டுக்குப் பழக்காவிட்டால் மரத்தில் தங்கிவிடும்.

வான்கோழி எடை தரும், விலை தரும். ஆனால் தொடக்கக்காரருக்குப் பெரிய இழப்பைத் தருவதும் அதுவே. காரணம் கருந்தலை நோய். 1895ல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் தியோபால்டு சுமித் இந்த நோயை விவரித்தார். கோழியின் குடலில் வாழும் ஒரு சிறு உருண்டைப் புழுவின் முட்டை வழியாக இந்தக் கிருமி பரவுகிறது என்பது பின்னர் தெரிந்தது. கோழிக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. அதன் எச்சம் விழுந்த மண்ணைக் கொத்தும் வான்கோழிக்குக் கல்லீரல் புண்ணாகி, எச்சம் கந்தக மஞ்சள் நிறத்தில் போய், அது இறந்துவிடும். அந்தப் புழுமுட்டை மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு இருக்கும். மண்புழுவின் உடலிலும் தங்கும்.

எனவே கோழி மேய்ந்து பழகிய முற்றத்தில் வான்கோழிக் குஞ்சை விடாதீர்கள். கோழி கால் வைக்காத ஓர் இடத்தை வலைபோட்டு ஒதுக்க முடிந்தால் மட்டும் வளருங்கள். ஒதுக்க இடம் இல்லையென்றால் வான்கோழி வேண்டாம். கோழியில் வான்கோழி முட்டையை அடை வைத்துக் குஞ்சைத் தாய்க்கோழியோடு மேய விடுவதும் இதே ஆபத்துதான்.

இடம் இருந்து வளர்ப்பவர்களுக்கு இன்னொரு குறிப்பு. வான்கோழிக் குஞ்சுக்குத் தானாகத் தின்னத் தெரியாது. பக்கத்தில் தீவனம் இருந்தும் பட்டினியால் சாகும். முதல் 15 நாள் ஒரு லிட்டர் தண்ணீரில் 100 மில்லி பால் கலந்து, 10 குஞ்சுக்கு ஓர் அவித்த முட்டையை நறுக்கிக் கொடுங்கள். தண்ணீர்த் தட்டில் வண்ணக் கோலிக்குண்டு போட்டால் பார்த்துக் கொத்தப் பழகும்.

தீவனத்தில் கவனம்

1960ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் காரணம் தெரியாமல் மாண்டன. தேடியதில் பூஞ்சணம் பிடித்த கடலைப் பிண்ணாக்கு அகப்பட்டது. அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு உலகுக்குத் தெரியவந்தது அப்படித்தான். இந்த நஞ்சை வாத்துக் குஞ்சும் வான்கோழியும் சிறிதளவும் தாங்காது. கோழி ஓரளவு தாங்கும். கோழி தின்கிறதே என்று பூசணம் பிடித்த பிண்ணாக்கையும் மக்காச்சோளத்தையும் எல்லாவற்றுக்கும் போட்டால், முதலில் வாத்துக் குஞ்சுகளை இழப்பீர்கள். மழைக்காலத்தில் பதினைந்து நாளுக்குத் தேவையானதை மட்டும் வாங்கி, மூட்டையைத் தரையில் படாமல் பலகைமேல் வையுங்கள்.

கறிக்கோழித் தீவனப் பையில் உள்ள சீட்டையும் படியுங்கள். இரத்தக்கழிச்சலைத் தடுக்க அதில் சேர்க்கும் சாலினோமைசின் என்ற மருந்து வான்கோழிக்கு நஞ்சு.

தொழிற்பேட்டைக்கு அருகில் இருப்பவர்களுக்கு

ஆலைகளிலிருந்து வரும் பழைய பிளாஸ்டிக் பேரல்களை வெட்டித் தண்ணீர்த் தொட்டி செய்வது நம் பக்கம் வழக்கம். முன்பு அதில் என்ன இருந்தது என்று தெரியாவிட்டால் பயன்படுத்தாதீர்கள். பழைய பேட்டரி உடைத்த இடம், சாம்பல் கொட்டிய இடம், பெயின்ட் உதிர்ந்த இரும்பு கிடக்கும் இடம் ஆகியவற்றில் கோழி கிளறினால், மண்ணில் உள்ள ஈயம் முட்டைக்கு வரும். ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் 2022ல் வெளியான ஆய்வில், வீட்டுக்கோழி முட்டையில் கடை முட்டையைவிடச் சராசரியாக 40 மடங்கு ஈயம் இருந்தது. அதைத் தின்பது நம் வீட்டுக் குழந்தைகள். சந்தேகமுள்ள இடத்தை வேலியடைத்துவிடுங்கள். தீவனத்தைத் தரையில் இறைக்காமல் தட்டில் வையுங்கள்.

வாசலிலேயே நிறுத்த வேண்டியவை

புதிதாக வாங்கிய பறவையையும், சந்தைக்குக் கொண்டுபோய் விலை படியாமல் திரும்பிய பறவையையும் மூன்று வாரமாவது தனியே வைத்துப் பாருங்கள். முதலில் உங்கள் பறவைகளுக்குத் தீவனம், பிறகு புதியவற்றுக்கு. இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

நமக்குக் கிழக்கே பழவேற்காடு ஏரி. குளிர்காலத்தில் வலசைப் பறவைகள் வந்து இறங்கும் இடம். 2024 பிப்ரவரியில் எல்லைக்கு அப்பால் நெல்லூர் மாவட்டத்தில் பறவைக் காய்ச்சல் உறுதியானது. கார்த்திகை முதல் பங்குனி வரை வலசைப் பறவை இறங்கும் நீர்நிலைக்கு வாத்தை விடாதீர்கள். ஒன்றிரண்டு நாளில் பல பறவைகள் திடீரென இறந்தால் வெறுங்கையால் தொடாதீர்கள். அறுக்காதீர்கள், மீதியை அவசரமாக விற்காதீர்கள். உடனே கால்நடை மருத்துவருக்குச் சொல்லுங்கள். 1962 என்ற எண்ணிலும் அழைக்கலாம்.

பயிற்சிக்கு வெகுதூரம் போக வேண்டாம். திரூரில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. மாதவரத்தில் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கோழியின ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. நந்தனம் கோழி, நந்தனம் வான்கோழி, நந்தனம் காடை என்ற பெயர்கள், அந்த நிலையம் முன்பு சென்னை நந்தனத்தில் இயங்கியதால் வந்தவை. குஞ்சு வாங்குவதற்கு முன் ஒருமுறை போய்வாருங்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியது ஒன்றுதான். கூட்டுக்குச் செலவு செய்யும் முன், உங்கள் தெருவில் கோழி வைத்திருப்போர் எத்தனை பேர், தடுப்பூசி போட்டவர் எத்தனை பேர் என்று ஒரு தாளில் எழுதுங்கள். போடாத வீடுகளை அடுத்த முகாமுக்குச் சேர்த்துக்கொண்டு, அதன்பின் அந்த ஆறு கோழிகளை வாங்குங்கள்.