ஓஸ்டாரா

ஓஸ்டாரா என்பது நவீன பேகன் சமயத்தினர் இளவேனிற்காலத்தின் வருகையைக் கொண்டாடும் விழா ஆகும். பகலும் இரவும் ஏறத்தாழ ஒரே அளவாக அமையும் இளவேனில் சம இரவு நாளில் இது கொண்டாடப்படுகிறது. வட அரைக்கோளத்தில் இந்நாள் பெரும்பாலும் மார்ச் 20 அல்லது 21 ஆம் தேதி வரும். கிறித்தவத்திற்கு முற்பட்ட ஐரோப்பிய வழிபாடுகளைத் தூண்டுதலாகக் கொண்டு 20 ஆம் நூற்றாண்டில் வளர்ந்த விக்கா, ட்ரூயிட் நெறி முதலிய பல சமய இயக்கங்கள் நவீன பேகன் நெறி என்ற பொதுப்பெயரால் அழைக்கப்படுகின்றன. ஓஸ்டாரா மிகத் தொன்மையான விழா எனப் பரவலாகக் கருதப்படுகிறது. எனினும் அதன் பெயர், நாள், சின்னங்கள் ஆகிய மூன்றும் வெவ்வேறு காலங்களில் தோன்றியவை. அவை ஒரே விழாவாக இணைந்தது 20 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே ஆகும்.

பெயர்

இங்கிலாந்தின் நார்தம்பிரியாவைச் சேர்ந்த பீட் என்னும் துறவி 725 ஆம் ஆண்டில் காலக்கணிப்பு பற்றி இலத்தீன் மொழியில் ஒரு நூல் எழுதினார். ஆங்கிலோ-சாக்சன் மக்கள் ஏறத்தாழ ஏப்ரல் மாதத்திற்கு இணையான மாதத்தை ஈயோஸ்டர் என்ற தேவியின் பெயரால் அழைத்தனர் என்றும், அம்மாதத்தில் அவளுக்கு விழா எடுத்தனர் என்றும் அதில் அவர் குறிப்பிட்டுள்ளார். இத்தேவியைப் பற்றிய பழைய எழுத்துச் சான்று இது ஒன்றே ஆகும். இதில் முயல், முட்டை, சம இரவு நாள் ஆகியவை பற்றி எதுவும் கூறப்படவில்லை.

ஜெர்மானிய மொழியியலாளரான ஜேக்கப் கிரிம் 1835 இல் வெளியிட்ட ஜெர்மானியத் தொன்மவியல் நூலில், ஈஸ்டர் பண்டிகைக்கான பழைய ஜெர்மன் சொல்லிலிருந்து ஓஸ்டாரா என்ற தேவியின் பெயரை மீட்டுருவாக்கினார். அவளை விடியலோடும் இளவேனிலோடும் தொடர்புடையவளாக அவர் கருதினார்.

பீட் இத்தேவியைத் தாமே கற்பனை செய்திருக்கலாம் எனச் சில அறிஞர்கள் ஐயுற்றனர். 1958 இல் ஜெர்மனியின் மோர்கன்-ஹார்ஃப் அருகே, ஆஸ்ட்ரியாஹெனே என்னும் தாய்த்தெய்வங்களைக் குறிப்பிடும் உரோமர் காலத்து நேர்ச்சைக் கற்கள் 150 க்கும் மேற்பட்டவை கண்டெடுக்கப்பட்டன. இப்பெயர் ஈயோஸ்டர் என்ற பெயருடன் வேர்ச்சொல் உறவுடையது எனக் கருதப்படுவதால், பீட்டின் கூற்றுக்கு வலுச் சேர்ந்தது. ஆயினும் இக்கற்கள் இளவேனில் விழா எதையும் குறிப்பிடவில்லை.

ஆண்டுச் சக்கரமும் விழா நாளும்

நவீன பேகன் நெறியினர் பலர் ஆண்டுக்கு எட்டு விழாக்களைக் கொண்டாடுகின்றனர். இவ்வரிசை ஆண்டுச் சக்கரம் எனப்படுகிறது. இரண்டு கதிர்த்திருப்ப நாட்களும், இரண்டு சம இரவு நாட்களும், அவற்றின் இடையே வரும் நான்கு நாட்களும் இதில் அடங்கும். பிப்ரவரித் தொடக்கத்தில் வரும் இம்போல்க் இளவேனிலின் முதல் அறிகுறியையும், ஓஸ்டாரா பகல் இரவை மிஞ்சத் தொடங்குவதையும், மே முதல் நாளில் வரும் பெல்டேன் இயற்கையின் முழுச் செழிப்பையும் குறிக்கின்றன.

இம்போல்க், பெல்டேன் ஆகியவை அயர்லாந்தின் இடைக்கால இலக்கியங்களில் இடம்பெறும் விழாக்கள் ஆகும். சம இரவு நாள் விழாவிற்கு அத்தகைய சான்று இல்லை. விக்கா நெறியைப் பரப்பிய ஜெரால்ட் கார்ட்னரின் குழுவினர், 1950 களின் பிற்பகுதியில் கதிர்த்திருப்ப, சம இரவு நாட்களையும் முதன்மை விழாக்களுக்கு இணையாகக் கொண்டாடத் தொடங்கினர். அவருடைய நண்பரும் ட்ரூயிட் நெறியாளருமான ராஸ் நிக்கல்ஸும் எட்டு விழாக்களைத் தம் நெறியில் சேர்த்தார். இவ்விழாவிற்கு ஓஸ்டாரா என்ற பெயரைச் சூட்டியவர் அமெரிக்கரான ஏய்டன் கெல்லி ஆவார். 1970 களில் பேகன் இதழ்கள் வழியாக அப்பெயர் பரவியது. ட்ரூயிட் நெறியினர் இதனை ஆல்பன் எய்லிர் என அழைக்கின்றனர்.

தென் அரைக்கோளத்தில் இளவேனில் செப்டம்பரில் வருவதால், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நாடுகளில் பேகன்கள் பலர் செப்டம்பர் 22 அல்லது 23 இல் ஓஸ்டாராவைக் கொண்டாடுகின்றனர்.

கொண்டாடும் முறை

ஓஸ்டாராவிற்கு எல்லோருக்கும் பொதுவான விதிநூல் இல்லை. குழுவாகவும் தனியாகவும் கொண்டாடுகின்றனர். வழிபாட்டு மேடையை டாஃபோடில் போன்ற இளவேனில் மலர்களாலும் வண்ணம் தீட்டிய முட்டைகளாலும் அலங்கரித்தல், விதை ஊன்றுதல், வீட்டைத் தூய்மை செய்தல் ஆகியவை பொதுவான வழக்கங்கள். விக்கா நெறியினர் வட்டமிட்டு நின்று நான்கு திசைகளையும் அழைத்துச் சடங்கைத் தொடங்குவர். ஒளியும் இருளும் சமநிலையில் இருப்பது இச்சடங்குகளின் முதன்மைக் கருத்தாகும்.

இலண்டனில் ட்ரூயிட் அமைப்பு ஒன்று, வெண்ணிற அங்கி அணிந்து டவர் ஹில் பகுதியில் இளவேனில் சடங்கை நடத்தி வருகிறது. ஸ்டோன்ஹெஞ்சிலும் அன்று சூரிய உதயத்தைக் காண மக்கள் கூடுகின்றனர். ஆனால் அக்கல்வட்டத்தின் முதன்மை அச்சு கதிர்த்திருப்ப நாட்களின் சூரியனை நோக்கியே அமைக்கப்பட்டுள்ளது.

முட்டையும் முயலும்

இடைக்கால ஐரோப்பாவில் ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் முட்டை உண்பது விலக்கப்பட்டிருந்தது. நோன்பு முடிந்ததும் முட்டைகள் பரிசாக வழங்கப்பட்டன. 1290 இல் இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்டின் அரண்மனைக் கணக்கில் 450 முட்டைகளுக்கான செலவு பதிவாகியுள்ளது. முட்டை கொண்டுவரும் ஈஸ்டர் முயல் பற்றிய குறிப்பு 1682 இல் ஜெர்மனியில் கிடைக்கிறது. முயல் ஓஸ்டாரா தேவியின் விலங்காக இருந்திருக்கலாம் என்று அடால்ஃப் ஹோல்ட்ஸ்மன் 1874 இல் ஊகித்தார். பின்னர் வந்த நூல்கள் அவ்வூகத்தை உண்மைபோல் எடுத்தாண்டன. தேவி ஒரு பறவையை முயலாக மாற்றினாள் என்ற கதையும் இதன் பின்னரே பரவியது.

ஈஸ்டருடன் தொடர்பு

ஈஸ்டர் பண்டிகை பேகன் விழாவிலிருந்து எடுக்கப்பட்டது என்ற கருத்து ஆண்டுதோறும் பேசப்படுகிறது. இயேசுவின் உயிர்ப்பைக் கொண்டாடும் இப்பண்டிகை யூதரின் பாஸ்காவை ஒட்டி எழுந்தது. ஆங்கிலேயர் கிறித்தவராவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இது கொண்டாடப்பட்டது. ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் இதன் பெயர் பாஸ்கா என்ற சொல்லிலிருந்தே வந்தது. தமிழ்க் கிறித்தவரிடையேயும் பாஸ்கா என்ற சொல் வழங்குகிறது. ஆங்கிலம், ஜெர்மன் போன்ற சில மொழிகளிலேயே ஈஸ்டர் என்பதற்கு இனமான பெயர்கள் உள்ளன. எனவே பெயருக்குப் பேகன் மூலம் இருக்கலாம், பண்டிகைக்கு இல்லை. மெசொப்பொத்தேமியத் தேவி இஷ்தாரின் பெயரே ஈஸ்டர் ஆயிற்று என்பதும் ஒலி ஒப்புமையால் எழுந்த தவறான கருத்தாகும்.

கருத்து வேறுபாடுகள்

வரலாற்றாசிரியர் ரொனால்ட் ஹட்டன், எட்டு விழாக்களையும் சேர்த்துக் கொண்டாடிய பண்டைய மக்கள் எவருமில்லை எனத் தம் ஆய்வுகளில் காட்டியுள்ளார். இதனைப் பேகன்களில் பலர் ஏற்றுக்கொள்கின்றனர். கண்முன் நிகழும் பருவ மாற்றமே விழாவிற்கு அடிப்படை என்பதால், தொன்மை அதற்கு இன்றியமையாதது அன்று என்பது அவர்கள் கருத்து. பழைய சான்றுகளை வழுவாது பின்பற்ற விரும்பும் ஜெர்மானியப் பேகன் நெறியினர் சிலர், பீட் கூறிய மாதத்தை ஒட்டி ஏப்ரலில் இவ்விழாவைக் கொண்டாடுகின்றனர்.