கைப்பேசியைத் துருவினால் சந்தேகம் தீருமா?



நீரிழிவு, இரத்தக் கொதிப்பு, பூச்சிமருந்து நச்சு என்று வழக்கமாக எழுதப்படும் இந்தப் பகுதியில், இம்முறை வெளியே சொல்லக் கூச்சப்படுகிற ஒரு கோளாறைப் பற்றிப் பேசுவோம். அதுதான் கணவன் மனைவிக்கு இடையே வரும் சந்தேகம். "இதுக்கும் சுகாதாரத்துக்கும் என்னா சம்பந்தம்?" என்று நீங்கள் கேட்கலாம். முழுவதும் படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

முன்பெல்லாம் தோட்டத்துக்கு வரும் கடிதம் ஆபீசுக்கு வந்துதான் லயத்துக்கு வரும். எழுத்து தெரியாதவர் பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்வார். இன்று ஆளுக்கொரு கைப்பேசி. நாளைக்கு எங்கே வேலை என்று மண்டோர் செய்தி போடுவது அதில். பேங்குக் கணக்கும் சேமநிதிக் கணக்கும் பார்ப்பது அதில். வெளியூரில் வேலை செய்யும் மகன் முகம் காட்டிப் பேசுவதும் அதில்தான். நல்ல சாமான்தான். ஆனால், இரவு பத்து மணிக்கு அது ஒரு சத்தம் கொடுத்தால் பல வீடுகளில் நடப்பது இதுதான்:

"யாருங்க இந்நேரத்துல?"

"மண்டோருதான்."

"மண்டோருக்கு இந்நேரத்துல என்னா வேலை? காட்டுங்க, பாப்போம்."

"ஏன், என்னைய நம்ப மாட்டியா?"

அவ்வளவுதான். இருவருக்கும் அன்றையத் தூக்கம் போச்சு.

உடம்பு என்ன ஆகிறது?

பாம்பைக் கண்டால் உடம்பு எப்படித் தயாராகிறதோ, சந்தேகம் வந்தாலும் அப்படியே தயாராகிறது. அட்ரினலின், கார்ட்டிசோல் என்ற சுரப்பிகளின் நீர் இரத்தத்தில் கலக்கிறது. நெஞ்சு படபடக்கிறது, இரத்த அழுத்தம் ஏறுகிறது, சர்க்கரை கூடுகிறது. பாம்பு போய்விட்டால் உடம்பு அடங்கிவிடும். சந்தேகமோ பாய்க்குப் பக்கத்திலேயே படுத்திருக்கிறது. ஆகவே உடம்பு அடங்குவதில்லை. தூக்கமின்மை, தலைவலி, வயிற்றெரிச்சல், பசியின்மை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேரும்.

நம் நாட்டில் 2023ஆம் ஆண்டு நடந்த தேசிய சுகாதார ஆய்வின்படி, பெரியவர்களில் நூற்றுக்கு 29 பேருக்கு உயர் இரத்த அழுத்தமும், ஏறக்குறைய 16 பேருக்கு நீரிழிவும் இருக்கின்றன. இவர்கள் மாத்திரை சாப்பிட்டும் அழுத்தம் இறங்கவில்லை என்றால், உப்பையும் சீனியையும் கேட்பதோடு வீட்டு நிம்மதியையும் கேட்க வேண்டியிருக்கிறது.

வேலைக்காட்டு ஆபத்தும் உண்டு. செம்பனைக் குலை வெட்டுகிறவர் தலைக்கு மேலே வெகு உயரத்தில் அரிவாளை நிறுத்திக் குறி பார்க்கிறார். இரவு முழுக்கச் சண்டை போட்டுவிட்டு, கண் எரிய, மனம் வேறெங்கோ இருக்க அவர் மரத்தடியில் நின்றால் விழும் குலைக்கு விலகுவாரா? பழம் பொறுக்கும் மனைவிக்கும் அதே ஆபத்துதான்.

துருவத் துருவ என்ன ஆகும்?

"எடுத்துப் பார்த்துட்டா சந்தேகம் தீர்ந்துடுமே" என்று நினைக்கிறோம். சிரங்கைச் சொறிகிறவனும் அப்படித்தான் நினைக்கிறான். சொறியும்போது சுகமாக இருக்கும். கையை எடுத்ததும் முன்னைவிட அதிகமாக அரிக்கும்.

கைப்பேசியில் ஒன்றும் கிடைக்காவிட்டால், "இல்லையே, அழிச்சிட்டாரோ?" என்று தோன்றும். ஏதாவது கிடைத்தால் அது பாதிச் செய்தியாக இருக்கும். "நாளைக்குக் கட்டாயம் வா" என்று ஒரு வரி. அனுப்பியது யார், எதற்கு என்று தெரியாது. மீதியை நம் மனமே எழுதிக் கொள்கிறது. மனம் எழுதுவது எப்போதும் கெட்டதாகத்தான் இருக்கும். பார்த்த நிம்மதி ஒரு மணி நேரம்கூட நிற்காது. மறுபடி பார்க்கத் தோன்றும். இன்று ஒருமுறை, நாளை ஐந்து முறை என்று அது வளரும்.

துருவப்படுகிறவர் நிலையும் யோசிக்க வேண்டியது. ஒன்றுமே செய்யாதவர்கூட, "எதுக்கு வம்பு" என்று தங்கச்சி அனுப்பிய செய்தியையும் அழிக்கத் தொடங்குவார். அழிப்பதைப் பார்த்தால் சந்தேகம் கூடும். இப்படித்தான் இல்லாத கள்ளத்தனத்தை நாமே வளர்த்து விடுகிறோம்.

அந்தரங்கம் வேறு, கள்ளத்தனம் வேறு. கதவைச் சாத்திக் குளிக்கிற மனைவி கணவனுக்குத் துரோகம் செய்யவில்லை. அக்காள் தன் குடும்பக் கஷ்டத்தைச் சொல்லி அழுதிருப்பாள். கூட்டாளி தன் நோயைச் சொல்லியிருப்பான். அது அவர்களுடைய இரகசியம்; நாம் படிப்பதற்காக அவர்கள் எழுதவில்லை.

கைப்பேசிக்குப் பின்னால் தேடுங்கள்

கைப்பேசியைக் கவிழ்த்து வைக்கிறவர் எல்லாருக்கும் வெளித்தொடர்பு இருக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது. பல நேரங்களில் காரணம் வேறாக இருக்கும்.

முதலாவது, கடன். ஆலோங்கிடம் வாங்கியது, கைப்பேசி வழியே கடன் தருகிறோம் என்று வந்தவனிடம் வாங்கியது, சூதாட்டத்தில் விட்டது, கூட்டுப் பணம் கட்ட முடியாமல் போனது. மிரட்டல் செய்தி வரும்போதெல்லாம் எழுந்து வெளியே போய்ப் பேசுவார். மனைவிக்கு அது வேறு மாதிரித் தெரியும்.

இரண்டாவது, நோய். இதைப் பச்சையாகவே சொல்லியாக வேண்டும். நீரிழிவு பல ஆண்டுகள் கட்டுக்குள் இல்லாமல் இருந்தால் நரம்பையும் இரத்தக் குழாயையும் கெடுத்து ஆண்மைக் குறைவை உண்டாக்கும். சில இரத்தக் கொதிப்பு மாத்திரைகளாலும் அது வரலாம். வெட்கப்பட்டு அவர் தள்ளிப் படுக்கிறார். "என்மேல ஆசை இல்ல, வேற ஆள் இருக்கா" என்று மனைவி முடிவு கட்டுகிறார். மாதவிலக்கு நிற்கும் வயதுப் பெண்களுக்கு உறுப்பு வறண்டு வலி எடுக்கும். அவர் வேண்டாம் என்றால் கணவன் சந்தேகப்படுகிறான். பிள்ளை பெற்ற பிறகு சிலருக்கு மனச்சோர்வு வந்து யாரிடமும் பேசப் பிடிக்காமல் போகும். இவை எல்லாவற்றுக்கும் வைத்தியம் உண்டு. மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். டாக்டரிடம் சொல்லி மாற்றிக் கேளுங்கள். அவர் தினம் இதைக் கேட்பவர்தான், வெட்கம் வேண்டாம்.

மூன்றாவது, குடி. சம்சு, பீர் எதுவானாலும் நீண்ட காலக் குடி ஆண்மையைக் குறைக்கும், மூளையையும் குழப்பும். தன் குறையை ஒப்புக்கொள்ள மனமில்லாதவன் பழியை மனைவிமேல் போடுகிறான்.

இதில் ஒரு வகை, உண்மையாகவே மனநோய். ஆதாரம் எதுவும் இல்லாமலே, யார் எடுத்துச் சொன்னாலும் கேளாமல், "என் துணை துரோகம் செய்கிறது" என்று நம்புவது. துணியை மோந்து பார்ப்பது, பின்னாலேயே போவது, ஒப்புக்கொள் என்று விடிய விடிய உலுக்குவது எல்லாம் அதன் அறிகுறிகள். 1955இல் டோட், டியூஹர்ஸ்ட் என்ற இரு மருத்துவர்கள் இதற்கு ஒத்தெல்லோ நோய் என்று பெயர் வைத்தார்கள். ஷேக்ஸ்பியர் நாடகத்தில் ஒத்தெல்லோ ஒரு கைக்குட்டையை ஆதாரமாக நம்பிக் குற்றமற்ற மனைவியைக் கொன்றுவிடுவான். அங்கே கைக்குட்டை, இங்கே கைப்பேசி. நெடுநாள் குடிகாரர்களிடம் இந்த நோய் வருவதை வைத்தியர்கள் நன்கு அறிவார்கள். முதுமையில் மூளை தேய்வதாலும் வரலாம். இவர்களுக்குக் கைப்பேசியைத் திறந்து காட்டுவதால் பயனில்லை. ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டும். அடிதடி வரை போகக் கூடிய நோய் இது என்பதை மறந்துவிடலாகாது.

என்ன செய்யலாம்?

1. சண்டைக்கு நடுவில் பேசாதீர்கள், குடித்திருக்கும்போதும் பேசாதீர்கள். வேலை இல்லாத நாளில், பிள்ளைகள் வெளியே போன நேரத்தில் உட்காருங்கள்.

2. "நீ யார்கூட சுத்துற?" என்று தொடங்காமல், "ராத்திரி நீங்க வெளியே போய்ப் பேசுறப்ப எனக்குப் பயமா இருக்குங்க" என்று தொடங்குங்கள். முதலாவது குற்றச்சாட்டு, இரண்டாவது மனக்கஷ்டம். குற்றச்சாட்டுக்குக் கோபம் பதிலாக வரும். மனக்கஷ்டத்தைச் சொன்னால் காது கொடுத்துக் கேட்க வழி உண்டு.

3. இருவருக்கும் ஒரே சட்டம் வையுங்கள். சாப்பிடும்போதும் படுக்கும்போதும் கைப்பேசி அலமாரியில். அவசரத்துக்கு ஒருவர் எண்ணை மற்றவர் அறிந்திருக்கலாம், கேட்காமல் திறப்பதில்லை. கணவனுக்கு ஒரு நியாயம், மனைவிக்கு ஒரு நியாயம் என்பது கூடாது.

4. கடன் இருந்தால் முழுத் தொகையையும் சொல்லிவிடுங்கள். பாதி சொன்னால் மீதி ஒருநாள் தானாக வெளியே வரும்.

5. வெளித்தொடர்பு உண்மை என்றே தெரிய வந்தால், செய்தியைப் படம் பிடித்து லயம் முழுக்க அனுப்பாதீர்கள். பிள்ளைகள்தான் தலைகுனிவார்கள். அரசாங்கக் கிளினிக்கில் இருவரும் இரத்தப் பரிசோதனை செய்து கொள்ளுங்கள். சேர்ந்து வாழ்வதா, பிரிவதா என்பதைப் பதற்றம் தணிந்த பின் முடிவு செய்யலாம். தேசிய மக்கள்தொகை, குடும்ப மேம்பாட்டு வாரியத்தின் அலுவலகங்களில் குடும்ப ஆலோசகர்கள் இருக்கிறார்கள்.

6. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லை, சாப்பிட முடியவில்லை, செத்துப்போகலாம் என்று தோன்றுகிறது என்றால் கிளினிக்குக்குப் போங்கள். குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான் கட்டணம்.

அடித்தால் அது சந்தேகம் அல்ல, குற்றம்

கைப்பேசியைப் பிடுங்குவது, உடைப்பது, தாய்வீட்டோடு பேசவிடாமல் தடுப்பது, எங்கே போகிறாள் என்று கருவி வைத்து வேவு பார்ப்பது, அடிப்பது: இவற்றை "பாசத்தால செய்யிறாரு" என்று பெரியவர்கள்கூட மூடி மறைக்கிறார்கள். நம் நாட்டின் 1994ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டம் 1996 முதல் அமலில் இருக்கிறது. 2012ஆம் ஆண்டுத் திருத்தம், அடியை மட்டுமல்லாமல் மனத்தை வதைப்பதையும் அதில் சேர்த்தது. 2017 திருத்தத்தின்படி, சமூக நல இலாகா அதிகாரியே ஏழு நாளுக்கு அவசரப் பாதுகாப்பு ஆணை கொடுக்கலாம். விடாமல் பின்தொடர்ந்து பயமுறுத்துவதும் 2023 முதல் தனிக் குற்றம். காயம் பட்டவர்கள் அரசாங்க ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போனால், போலீஸ், சமூக நல உதவியையும் அங்கேயே கேட்கலாம்.

உங்கள் கைப்பேசி சோதிக்கப்படுகிறது என்று தெரிந்தால் பக்கத்து வீட்டுக் கைப்பேசியிலிருந்து 15999 என்ற தாலியான் காசே எண்ணைக் கூப்பிடுங்கள். இரவும் பகலும் ஆள் இருப்பார்கள். உங்கள் வாட்ஸ்ஆப் வேறொரு கருவியிலும் ஓடுகிறதா என்பதை, அதன் அமைப்புகளில் இணைக்கப்பட்ட கருவிகள் என்ற இடத்தில் பார்க்கலாம். ஆனால் அடிக்குப் பயந்து வாழ்கிறவர்கள் அதை உடனே துண்டித்துவிடக் கூடாது. துண்டித்தது அவனுக்குத் தெரிந்தால் ஆபத்து கூடும். முதலில் பாதுகாப்பான இடமும் துணைக்கு ஆளும் ஏற்பாடு செய்து கொள்ளுங்கள்.

தோழர்களே! சம்பளத்தில் ஒரு வெள்ளி குறைந்தாலும் கிளைத் தலைவரைத் தேடி வருகிறோம். வீட்டில் தூக்கம் குறைந்தால் மட்டும் யாரிடமும் சொல்லாமல் இருட்டில் கைப்பேசியைத் துருவுகிறோம். இன்று இரவு அதை அலமாரியில் வைத்துவிட்டு, பக்கத்தில் இருப்பவரிடம் கேளுங்கள்: "ஒடம்புக்கு ஏதாச்சும் செய்யுதா? மனசுல என்னா இருக்கு?" பதில் உடனே வராது. மறுநாளும் கேளுங்கள்.