ஊசி புதுசா? கேட்டுப் பார்ப்போம்!



திருவிழாவில் பச்சை குத்துறவங்க, காது குத்துறவங்க ஒரே ஊசியைப் பலருக்கும் போட்டால் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி காமாலை பரவலாம். ஹெபடைடிஸ் பி கிருமி உடம்புக்கு வெளியேயும் 7 நாளாவது உயிரோடு இருக்கும்.

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் பச்சை குத்துறவங்க ஆண்டுதோறும் பதிவைப் புதுப்பிக்கணும். ரத்தம் மூலம் பரவும் நோய்கள் பற்றி வருஷா வருஷம் பயிற்சியும் எடுக்கணும். நம் நாடு முழுமைக்கும் அப்படி ஒரு தனி உரிமம் இல்லை. திருச்சியில் நாக்கைப் பிளந்துவிட்ட டாட்டூ கடைக்கு 2024 டிசம்பரில் மாநகராட்சி சீல் வைத்தது.

ஆகவே நைனார்பாளையம் குழுக்களில் நாமே கேட்போம்:

1. புது ஊசியை நம் கண் முன்னாடி பிரிக்கிறாங்களா?
2. மையை ஆளுக்குத் தனியா ஊத்துறாங்களா?
3. கை கழுவி, புதுக் கையுறை போடுறாங்களா?

"இல்லை" என்றால் எழுந்து வந்துடுவோம். இந்தத் தொழில் செய்யும் சகோதரிகளே, ஹெபடைடிஸ் பி தடுப்பூசி 3 தவணை போட்டுக்கொள்ளுங்கள்.